சேவ் செய்யாத வரிகள்

நவம்பர், வெள்ளி இரவு

"கவலைப்படாதீங்க" என்று ஆபீஸில் பர்வீன் அக்காவிடம் இன்று நான் சொல்லவில்லை. போன வரிகள் திரும்பி வருமா என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

கோட்டைப்பட்டினம் படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் போடும் புரோகிராமை அக்கா காலையிலிருந்து 'விம்' என்ற எடிட்டரில் எழுதிக்கொண்டிருந்தார். மாலைக்குள் முடியாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மதியம் கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் கைவிட்டது. அக்கா எதையும் சேவ் செய்திருக்கவில்லை.

கரண்ட் வந்ததும் ஃபைலைத் திறந்தோம். கறுப்புத் திரை நிறைய எச்சரிக்கை. அது வந்தால் படிக்காமல் கீபோர்டில் 'டி' தட்டிவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அக்காவின் விரலும் அங்கேதான் போனது.

"அக்கா, கைய எடுங்க. என்ன சொல்லுதுன்னு படிச்சுப் பாப்போம்."

"அது எப்பவும் இப்படித்தான் பொலம்பும் புள்ள. போனது போச்சு."

படித்தேன். 'டி' என்றால் அழித்துவிடு, 'ஆர்' என்றால் மீட்டுக்கொடு. 'ஆர்' தட்டினேன். கடைசிச் சில வரிகள் தவிர எல்லாம் வந்துவிட்டன.

"யாரு புள்ள இத எடுத்து வச்சது?"

எடிட்டரேதான். நாம் கேட்காமலே பக்கத்தில் ஒரு மறைவான ஃபைலில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படிச் செய்யவைத்தவர் யாரோ? அவர் ஊரிலும் கரண்ட் போயிருக்க வேண்டும். இதுவரை 'டி' தட்டி நாங்கள் எதையெல்லாம் அழித்தோமோ.

விட்டுப்போன வரிகளை அக்கா முதலாளி வருவதற்குள் எழுதி முடித்தார். சேவ் செய்யாமலே டீ குடிக்க எழுந்து போனார். நான் சேவ் செய்தேன்.