சம்பந்திக்கு முப்பத்திரண்டு

அரும்பாவூர்
14-9-1983

அன்பு மகன் காசிநாதனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சௌக்கியம். என் இருமல் எங்கள் எல்லோரையும் விடச் சௌக்கியம்.

என் மானம் போன கதையை ஊரார் சொல்லி நீ சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் டாக்டர், இந்த இருமலும் இளைப்பும் பூச்சியால் வருவதாக இருக்கும், டெஸ்ட் எடுங்கள் என்றார். பூச்சிக்கு எனக்குத் தெரிந்த டெஸ்ட் ஒன்றுதானே? காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம் தீப்பெட்டியில் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லேப் வாசலில் ஒருவர் வாயில் பீடியோடு, "அண்ணே, நெருப்புப்பெட்டி குடுங்க" என்று கை நீட்டினார். இல்லை என்றேன். "பையில துருத்திக்கிட்டு நிக்குது, ஒரு குச்சிக்கு இம்புட்டுக் கஞ்சத்தனமா?" என்றார். உள்ளே போனால் லேப்காரர், "இந்தப் பூச்சிக்கு ரத்தந்தான் பாக்கணும் பெரியவரே, அதத் தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றார்.

போன மாதமே இருமல் என்று உனக்கு எழுதினேன். நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று பதில் போட்டாய். சரி என்று இருந்தேன். அரியலூர்க் கல்யாணத்தில் உன் மாமனார் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் இதே இருமலாம். நீ ஜெயங்கொண்டத்தில் அவர் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, தஞ்சாவூரில் உன் லேபுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, முப்பத்திரண்டு என்று சொல்லி மாத்திரையும் அனுப்பினாயாம். "மாப்பிள்ளைக்குப் பூப்பறிக்கிற கை சம்பந்தி, ஊசி போனதே தெரியல. நீங்க பாத்ததில்லியா?" என்றார். பார்க்காமல் என்ன என்று சொல்லிவிட்டு, இலையில் இருந்த பாயசத்தை அப்படியே விட்டு எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனது.

"ஊசின்னா ஊர விட்டு ஓடுற ஆளு, மகன் எடுக்க வரலன்னு மூஞ்சியத் தூக்கிக்கிறீங்களே" என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

எனக்கு ஊசி போனது நன்றாகவே தெரிந்தது. பூச்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஈஸ்னோபில் எனக்கு நூற்றுக்கு இருபத்தெட்டாம். சம்பந்திக்கு முப்பத்திரண்டு. பூச்சியில்கூட அவர்தான் மேலே.

மருமகள் மலர்க்கொடியைக் கேட்டதாகச் சொல். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

என் மகனும் இதே வேலைதான் என்று லேப்காரரிடம் பெருமையடித்தேன். "அப்ப அவரே எடுத்திருக்கலாமே?" என்றார். அவனுக்கு லீவு கிடைப்பதில்லை என்றேன். மாத்திரை முடிந்ததும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், வாங்க, எடுத்துவிடுகிறேன் என்றார். தலையை ஆட்டினேன். அதை எடுக்க என் மகன் வருவான் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உன் அப்பா,
அய்யம்பெருமாள்