எழுத்தைப் பெரிதாக்கும் இடம்

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது, வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம்.

நீங்கள் மொழிபெயர்ப்பை அடிக்கிற அந்தக் கருப்புத் திரை எடிட்டர் விஷயம். எழுத்தைப் பெரிதாக்க மூன்று நாளாக அதன் செட்டிங்ஸ் ஃபைலில் என்னென்னவோ எழுதிப் பார்த்துவிட்டு, நேற்று என்மேல் எரிந்து விழுந்தீர்களே. எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற அம்மாவிடம் கேட்டேன். "எடிட்டருக்குன்னு தனியா ஃபான்ட் கிடையாதும்மா. அது ஓடுற டெர்மினல்லதான், அந்தக் கருப்பு ஜன்னல்லதான் மாத்தணும்"னு சிரிக்கிறாங்க.

காலையில் நீங்கள் தூங்கும்போதே மாற்றிவிட்டேன். எழுத்தின் அளவு பதினொன்றாக இருந்தது, இப்போது பதினெட்டு. "என் கம்ப்யூட்டர்ல ஏன் கை வச்ச?" என்று ஆரம்பிக்காதீர்கள், பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிடிக்காவிட்டால் கன்ட்ரோலும் மைனஸும் சேர்த்து அழுத்துங்கள், சுருங்கிவிடும்.

ஆனால் பதிப்பகத்திலிருந்து உங்கள் மொழிபெயர்ப்பு எழுத்துப் பிழை என்று இரண்டு முறை திரும்பி வந்ததே, அதற்கு எடிட்டர் என்ன செய்யும்? திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்கிறீர்கள். இன்னொரு முறை வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களுக்காகப் பெரிது பெரிதாக எழுதியதில் தாள் தீர்ந்துவிட்டது. கீழே ஓரத்தில் பொடியாக ஒரு வரி இருக்கிறது. அதைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தால் நீங்கள் சொன்னதுதான் சரி. முடியாவிட்டால் ஐந்து மணிக்குக் கண் டாக்டரிடம் வந்துவிடுங்கள். வாசலிலேயே நிற்பேன்.

படிக்க முடிந்தாலும் வாங்க. திரும்பும்போது சேர்ந்து நடந்து வரலாம், ரொம்ப நாளாச்சு.