வாட்ச்மேன் வீட்டுக்குப் புது மணல்

என் செல்லப் பாப்புவுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், உன் மீன் தொட்டியில் இருக்கிறவர்களும் நலம், எல்லோருமே நலம் என்று இன்றைக்குத்தான் மனசாரச் சொல்ல முடிகிறது, கடிதம் இவ்வளவு தாமதமானது அதனால்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் உளறிவிடுவேன்.

நீ சொல்லிவிட்டுப் போன மாதிரியே உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குப் புது மணல் போட்டேன். பம்ப் அடிக்கிற மூலையில் பழைய மணல் ஒதுங்கி அடிக் கண்ணாடி வழுக்கையாகத் தெரிந்தது, அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் தலையைத் தடவிக்கொள்வார். வாளியில் மணலைப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவினேன், கடைசி அலசல் உப்புத்தண்ணீரில். பழைய மணலைக் கிளறினால் அடியில் இருக்கிற அழுக்கு கிளம்பி மீனுக்கு ஆபத்து என்று நீ மிரட்டியிருந்தாயே, அதனால் பம்பை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு பிளம்பர் கொடுத்த பிளாஸ்டிக் குழாயைத் தரைவரை இறக்கி, அது வழியாகக் கப் கப்பாக மணலை விட்டேன், பாதியை மட்டும், மீதி அடுத்த வாரத்துக்கு. கெமிஸ்ட்ரி படிச்சவ அளந்து ஊத்துற அழகைப் பாரு என்று அப்பா கிண்டல் செய்தார், குழாயைப் பிடியுங்கள் என்றால் மட்டும் ஆளைக் காணோம். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன் பாப்பு, கடைசியில் கை சும்மா இருந்ததா? தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது, பாறை ஓரமாக மணலும் சிப்பித் துண்டுமாக ஒரு மேடு மங்கலாகத் தெரிந்தது, இதென்ன அசிங்கமாக என்று நீளக் கரண்டியால் இழுத்துத் தட்டிச் சமமாக்கிவிட்டேன். உன் அறையை ஒழுங்குபடுத்திப் படுத்திப் பழகின கை. மறுநாள் தண்ணீர் தெளிந்த பிறகுதான் புரிந்தது, அது உன் வாட்ச்மேன் வீட்டு வாசல். வாசலில் நின்று காவல் காக்கிற அந்த மஞ்சள் மீனும் இல்லை, அவனுக்கு வளை தோண்டிக் கொடுக்கிற கொத்தனார் இறாலும் இல்லை. தரை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். தோண்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். ஹாஸ்டல் ரூம் ஒட்டவே இல்லம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கும்மா, வீடியோவில் வாட்ச்மேனைப் பார்த்தாத்தான் அன்னைக்கு வகுப்புக்குப் போகவே தோணுது என்று நீ சொன்ன அதே வாரம் அவனை நான் உயிரோடு புதைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் நீ கூப்பிட்டபோதெல்லாம் கேமராவை ஆரஞ்சு மீன் ஜோடி மேலேயே வைத்திருந்தேன், வாட்ச்மேன் லீவில் இருக்கிறார் என்று சிரித்தேன், நீயும் சிரித்தாய், போனை வைத்துவிட்டு அழுதேன். உன்னைப் பெற்றபோது எனக்கு உன்னைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட, நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே வளர்ந்தோம், நீ பக்கத்தில் இல்லாமல் எதைத் தொட்டாலும் எனக்குப் பதறுகிறது.

இன்று காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், தொட்டிப் பக்கம் டக் என்று ஒரு சத்தம். கண்ணாடிதான் விரிசல் விட்டுவிட்டது என்று ஓடினேன். மறுபடி டக். கொத்தனார் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம்! பாறைக்கு அந்தப் பக்கம், நான் போட்ட புது மணலிலேயே ஒரு வளை, கொத்தனார் புல்டோசர் மாதிரி மணலை வெளியே தள்ளுகிறார், வாசலில் வாட்ச்மேன், யாரும்மா நீ, எந்த வீட்டுக்குப் போகணும் என்று கேட்கிற மாதிரி என்னையே முறைக்கிறான். நான் போட்ட கூச்சலில் அப்பா பல் துலக்குகிற நுரையோடு ஓடி வந்து, என்ன கொத்தனாரே, பிளான் அப்ரூவல் வாங்கினீங்களா என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

புது வாசலும் கோணல்தான், முன்னைவிடப் பெரிய குப்பை மேடு. இருக்கட்டும், அது அவர்கள் வீடு, மீதி மணலை எதிர் மூலையில்தான் விடுவேன். உன் அறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கட்டிலை ஜன்னல் பக்கம் போடு, அலமாரியை இப்படி அடுக்கு என்று போனில் உயிரை வாங்கினேனே, அதையெல்லாம் மறந்துவிடு, உனக்குத் தோன்றினபடி போட்டுக்கொள். அந்த ரூம்மேட் பெண் விடிய விடிய விளக்கை எரியவிடுகிறாள் என்றாயே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுப் பார். பரீட்சை முடியட்டும், அப்போதும் அங்கே இருக்க முடியவில்லை என்றால் வந்துவிடு, ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் உனக்கு அங்கே இடம் அமையும் என்று எனக்கு இன்றைக்குத் தோன்றுகிறது.

நீ நீண்ட ஆயுசோடு, எடுத்ததை முடித்து, சிரித்த முகமாக இருக்க வேண்டும். காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள். கடிதம் கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடு, கேமராவை எங்கே திருப்பச் சொன்னாலும் திருப்புகிறேன்.

கரண்டியைச் சமையலறையிலேயே வைத்துவிட்ட,
உன் அம்மா