நோயில்லாதவர் என்று எழுதிய குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சர்க்கரையும் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? தங்கை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

சிரிக்க ஒரு விஷயம். எங்கள் ஆய்வகத்தில், ரத்த அணுக்களுக்குள் இருந்து "பெருகு" என்று சேதி சொல்லும் ஒரு புரதத்தை ஆராய்கிறோம். வேலை முடிந்ததும் இன்னொரு புரதம் வந்து, விளக்கை அணைப்பதுபோல் அதை அணைத்துவிடும். ஒருவகை ரத்தப் புற்று உள்ளவர்களுக்கு அது அணையாது. சோதனைப் படத்தில் கறுப்புக் கோடாக விழும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டும் என்றால் எங்களில் யாராவது கையை நீட்டுவது வழக்கம். இந்த முறை நான் நீட்டினேன்.

என் கோடு கறுப்பாக விழுந்தது. "குழாய மாத்தி வச்சுட்டியா? கண்ணு எங்க இருக்கு?" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கத்தினார். திரும்ப மூன்று தடவை செய்தேன். மூன்றும் கறுப்பு. அதன் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "இந்த வயசுல கிடைக்கிறதே அபூர்வம்மா, இன்னும் ரெண்டு குழாய் குடு" என்றார். டாக்டரைப் பார் என்று சொன்னது கூட்டிப் பெருக்கும் அக்காதான்.

பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை இருக்கிறது. பரம்பரையா என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். பீரோவிலிருந்து அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலை அனுப்புங்கள். கூடவே அவள் கட்டிய பழைய புடவை ஒன்று, துவைக்காமல். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

தங்கைக்கும் ரத்தம் சோதியுங்கள். அவள் பகலில் படுத்தால், "நடிக்காத, எந்திரி" என்று எழுப்பாதீர்கள். அம்மாவை அவள் சாகும்வரை நாம் அப்படித்தான் எழுப்பினோம்.

உங்கள் மூத்தவள்