பதினேழு இஞ்சு சக்கரம்

மார்ச் 3

மாப்பிள்ளை காருக்குச் சக்கரம் மாற்றிவிட்டார். பழையது பதினைந்து இஞ்சு, இது பதினேழாம். யாரோ பெரிய வண்டியிலிருந்து கழற்றியதை டயரோடு வாங்கி மாட்டியிருக்கிறார். மாற்றலாகிப் போகிற ஊரில் வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். பழையதை அன்றே விற்றுத் தள்ளிவிட்டார். கார் குதிகால் செருப்பு போட்ட மாதிரி நிற்கிறது.

மார்ச் 5

மாப்பிள்ளை, மகள், பேத்தி, நான் என்று நாலு பேரும் காரில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி வளைக்கும்போது முன்சக்கரத்துக்கிட்ட சர்ரென்று ஒரு உரசல். சொன்னேன். “ரேடியோவா இருக்கும் அத்தை” என்றார். மகளும் சிரித்தாள். அவளுமா?

மார்ச் 6

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். மலைப்பாதை. மூட்டை முடிச்செல்லாம் ஏற்றி, என் மகளையும் பேத்தியையும் உட்கார வைத்து, வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டிய பாதை. அங்கே உரசினால்? டயர் கிழிந்தால்?

நான் எழுத்துக்கூட்டி பஸ் போர்டு படித்ததைப் பார்த்துச் சிரித்தவர் இந்த மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில். மறக்கவில்லை. அப்போது எழுத்துதான் தடுக்கும், பிறகு எழுதி எழுதிப் பழகினேன்; எண் எனக்கு ஒருநாளும் தப்பாது. பழைய டயரில் 185/65, பதினைந்து. இதில் 215/60, பதினேழு.

டயர் பெரிசாகிவிடவில்லையா என்று கேட்டேன். “நடு நம்பர் அறுபத்தஞ்சு இப்ப அறுபது. குறைஞ்சுதானே இருக்கு?” என்றார். தெரிந்தவர் யாரிடமாவது விசாரிக்க வேண்டும்.

மார்ச் 7

டயர்க்கடைக்காரனிடம் போனேன். போக வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், ஒட்டுப்போட்ட டயரைப் புதுசென்று அவர் தலையில் கட்டியவன். அன்றிலிருந்து அவன் கடை வந்தால் நான் எதிர்ப்பக்கம் நடப்பேன்.

“என்னம்மா, வழி தவறி வந்துட்டீங்களா?” என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அளவையும் ஒப்பித்தேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் எண் டயரின் அகலம். நடு எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கவாட்டு ரப்பர் உயரம் என்பது. அகலம் கூடிவிட்டதால் அறுபது பங்கே பழைய அறுபத்தைந்தைவிட உயரமாம். உள்ளே வளையமும் பெரிசு, மேலே ரப்பரும் பெரிசு.

“வளையம் பெருசானா ரப்பர் குறையணும்மா. மொத்த உயரம் பழையபடியே இருக்கணும். இல்லன்னா பாரம் ஏத்தினதும் இடிக்கும். மீட்டர் காட்டுறதைவிட வண்டி வேகமா ஓடும், அது வேற.”

இறக்கத்தில் வேகம் தெரியாமலா ஓட்டப்போகிறார்?

வீட்டில் சொன்னதும் மாப்பிள்ளை வெடித்தார். “அந்த ஏமாத்துக்காரன் பேச்சைக் கேட்டுட்டு வந்து எனக்குப் பாடமா?” அவன் ஏமாற்றுக்காரன்தான். அதுக்காக கணக்கு பொய்யாயிடுமா?

மார்ச் 8

கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீடே ரெண்டுபட்டது. நான் ஒன்றுதான் சொன்னேன்: “எல்லா மூட்டையும் ஏத்துங்க. எல்லாரும் உக்காருவோம். தெருவுல ஒரு தடவை முழுசா ஒடிச்சுத் திருப்பிக் காட்டுங்க. ஒண்ணுமில்லன்னா நான் இனி வாயே திறக்கல.”

வீம்புக்கு ஏற்றினார். திருப்பினார். சத்தமே இல்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சாகலாம் போலிருந்தது. பேத்திதான், “அப்பா, அந்த மேடு மேல ஏறிப் பாருங்க” என்றாள். வேகத்தடையில் ஏறி இறங்கியபடி வளைத்தார். கரகரவென்று ஒரு இழுப்பு. ரப்பர் கருகின வாடை.

இறங்கிக் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மறைப்பு பிய்ந்து தொங்கியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே குத்த வைத்திருந்தார். எனக்கும் ஜெயித்த மாதிரி இல்லை.

மார்ச் 9

பயணம் தள்ளிப்போட்டாயிற்று. அதே வளையத்துக்கு 205/45 மாட்டுகிறார்கள். உயரம் பழையதோடு ஒத்துப்போகுமாம்.

மார்ச் 11

காலையில் கிளம்பினார்கள். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. மகள் இல்லை, அவரே. “அத்தை, வந்து சேர்ந்துட்டோம். ஒரு வளைவுலயும் உரசல.”

சரி என்றேன். அப்புறமும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.