குரல்: பெயர் குறிப்பிட விரும்பாதவர்

தில்லையடி,
புத்தளம்.
08.02.2017

அன்புள்ள தம்பி ஸியாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். தபாலில் என் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் சுகம். மாமிக்கு மட்டும் முழங்கால் நோவு. வாடைக் காற்று அடிக்கிற நாளில் கொஞ்சம் கூடும். உன் மச்சான் நட்ட முருங்கை இரண்டாம் முறை காய்த்திருக்கிறது.

வட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இனிமேல் என் குரலை உனக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அதனால்தான்.

திங்கட்கிழமை என்னிடம் குர்ஆன் ஓத வந்த பிள்ளைகளில் ஒருத்தி, பக்கத்து ஒழுங்கை ரம்ஸியாவின் மகள், என்னைக் கண்டதும் உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "என்ன புள்ள?" என்று கேட்டேன். ரம்ஸியா சிரித்துக்கொண்டே, "நீங்க கதைக்கிற பேய்ப் படத்தப் பாத்துட்டுப் பயந்து போய்க் கிடக்கிறாள், முஅல்லிமா" என்றாள். நான் எந்தப் படத்தில் கதைத்தேன்? போனை என்னிடம் நீட்டினாள்.

கறுப்பு வெள்ளையில் ஒரு கிணறு. யாரோ ஒரு பெண்ணின் முதுகு. அதற்கு மேலே நான் கதைத்துக்கொண்டிருக்கிறேன். குரலைத் தடிப்பாக்கியிருக்கிறாய். ஆனால் தம்பி, கதைக்கத் தொடங்குமுன் நான் தொண்டையைச் செருமி ஒரு சின்ன மூச்சு எடுப்பேன். அதை நீ வெட்டவில்லை. பிஸ்மி சொல்லுமுன் தினமும் அந்த மூச்சைக் கேட்கிற முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. கடைசியில் பெயர்கள் ஓடின. "கதை, இயக்கம்: ஸியாத் ஸலாஹுதீன்." அதற்குக் கீழே, "குரல்: பெயர் குறிப்பிட விரும்பாதவர்."

நான் எப்போது விரும்பவில்லை என்று சொன்னேன்? என்னிடம் யார் கேட்டது?

உன் மச்சான் மௌத்தாகி அடக்கின நாளில் இருந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று அறைக்குள்ளேயே இருந்தேன். வெளி ஆண் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. பள்ளி மோதினார் வாசலில் நின்று ஏதும் கேட்டால்கூட மாமிதான் பதில் சொல்வார். என் சத்தம் வெளியே போகக்கூடாதென்று அவ்வளவு பேணுதலாக இருந்தார். அந்த அறைக்குள் இருந்து உனக்கென்று மட்டும் அனுப்பிய வொய்ஸ் மெசேஜை எல்லாம் நீ கொழும்பில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்குப் போட்டுக்காட்டிப் பரிசும் எடுத்திருக்கிறாய். நல்லது.

இன்றைக்கு ஒன்பது பிள்ளைகள் ஓத வரவில்லை. மாமிக்கு இன்னும் தெரியாது. அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன், அல்லாஹ் காத்தான். படத்தை நெட்டில் இருந்து எடுத்துவிடு.

கடைச் சோறு தினமும் தின்னாதே. வயிறு கெட்டுப்போகும்.

உன் ராத்தா,
அஸ்ரியா


தெமட்டகொட,
கொழும்பு.
15.02.2017

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கடைக்கு வந்தபோது ஒரு கலியாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, மாப்பிள்ளையை மாலையும் கையுமாகத் திரையில் அப்படியே நிறுத்திவிட்டு வெளியே போய் மதிலோரம் நின்றேன். முகம் சுட்டது. உள்ளே திரும்பிப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் போல இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ராத்தா. இதை எழுதும்போதும் அப்படித்தான்.

படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆனால் ஆட்கள் இறக்கி வைத்ததை, போனுக்குப் போன் அனுப்பியதை என்னால் பிடிக்க முடியவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். நவம்பரில் ஆலங்குடாவில் எடுத்தோம். காற்று விழுந்து, பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர் போய்விட்ட நேரம். பஸ்தியான் அண்ணன் தன் விடுதியைப் பூட்டி வைத்திருந்தார். கிணறும் இருந்தது, இரண்டு நாளுக்குத் தந்தார். அவருடைய மகள் கத்தரினாதான் நடித்தாள். நிறத்தில் பார்த்தால் கடலும் தென்னையும் விளம்பரம் மாதிரி அழகாக இருந்தன, யாருக்கும் பயம் வரவில்லை. கறுப்பு வெள்ளையாக்கி, ஒரேயொரு பல்ப்பை நிலத்தில் வைத்து, நிழலைச் சுவரில் ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் அது பேய்ப் படமானது. கணவன் செத்த பிறகும் கிணற்றுக்குள் இருந்து கத்திக் கூப்பிடுகிறான், மனைவி அதைக் கேட்டுக் கேட்டுக் கதை சொல்கிறாள், கடைசியில் அவளும் கிணற்றுக்குப் போகிறாள். அவ்வளவுதான் படம். முழுக்கதையும் அவளுடைய குரலில்தான் நடக்கிறது.

கத்தரினா மாதா கோவிலில் வாசகம் வாசிப்பது போல வாசித்தாள். வெட்டும்போது, எந்தக் காட்சிக்கு எத்தனை விநாடி என்று அளக்க, கைக்குக் கிடைத்த ஒரு குரலைப் போட்டு வைப்போம். பிறகு அதை எடுத்துவிட்டு உரிய குரலை வைப்போம். அப்படித்தான் உங்கள் வொய்ஸைப் போட்டேன். அளவுக்குத்தான், வல்லாஹி. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று மூன்று கிழமை போய்விட்டது. வேறு மூன்று பெண்களைப் பேச வைத்துப் பார்த்தேன். யார் பேசினாலும் படம் செத்துப்போனது. உங்கள் குரலைத் திரும்ப வைத்தால் உயிர் வந்தது.

தடிப்பாக்கினேன். பெயரைப் போடாமல் விட்டேன். அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். பரிசாகத் தந்த கண்ணாடிக் கேடயம் அலுமாரியில் சாரங்களுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்க முடியவில்லை.

மாப்புத் தாருங்கள். கலியாண வேலைகள் முடிய, ஏப்ரலில் கட்டாயம் வருவேன்.

உங்கள் தம்பி,
ஸியாத்


தில்லையடி.
20.02.2017

தம்பி ஸியாத்துக்கு,

ஸலாம். மூன்று பெண்கள் பேசிப் படம் செத்துப்போனதாம், நான் பேசியதும் உயிர் வந்ததாம். என்னைப் புகழ்கிறாயா? இனி முஹல்லாவில் யாருக்காவது பேய் தேவைப்பட்டால் என்னிடம் வரச் சொல்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பல்ப்பை எங்கே வைத்தாய் என்று கூட இருக்கிறது. நான் அந்த வொய்ஸில் என்ன சொன்னேன் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

போன வருடம் ஜூன் மூன்றாம் திகதி, நோன்புக்கு நாலு நாள் இருக்க, விடிந்ததும் எனக்கும் உன் மச்சானுக்கும் சண்டை. மன்னாருக்குத் திரும்பிப் போவோம், அங்கே காணி கிடக்கிறது, எத்தனை வருடம்தான் இந்த உப்பளத்தில் அடுத்தவனுக்கு உப்பு வாருவது என்றார். தொண்ணூறில் எங்களை அங்கே இருந்து விரட்டியபோது எட்டு வயதில் ஒரு பையோடு ஓடி வந்தவள் நான், இனி எங்கேயும் வரமாட்டேன் என்றேன். அவர் கிணற்றடிக்குப் போனார். அங்கே இருந்து என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நல்லாகக் கேட்டது. கோபத்தில் போகவில்லை. பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுத்தான் போனேன். பத்து நிமிடம் இருக்கும். நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து கிடந்தார்.

இதை மாமியிடம் சொல்லவில்லை. அவர் பெற்ற ஒரே பிள்ளை. யாரிடமும் சொல்லவில்லை. பெருநாள் முடிந்த கிழமை, தனியாகத் தாங்க முடியாமல், உனக்குச் சொன்னேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? அழுகிற முகம் ஒன்றை அனுப்பினாய். "பிறகு கோல் எடுக்கிறேன் ராத்தா" என்று எழுதினாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

அகதி முகாமில் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தண்ணீர் வரிசையில் என் இடத்தை விட்டுவிட்டு நீ கூப்பிட்ட சத்தத்துக்கு ஓடி வருவேன். அதைச் சொல்லிக் காட்டக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அவர் கூப்பிட்டு நான் பத்து நிமிடம் போகவில்லை. நான் கூப்பிட்டு நீ ஏழு மாதம் வரவில்லை. என் குற்றத்தை நான் எங்கேயும் போட்டுக்காட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு யாரும் மாமியின் காதில் போடுமுன் நானே சொல்ல வேண்டும். மார்ச் மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த பிறகு சொல்லப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் சொல்வார், சொன்னால் அதில் பிழையில்லை. நீ வந்து என் பக்கத்தில் இரு. ஒன்றும் கதைக்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

ராத்தா


கொழும்பு.
06.03.2017

அன்புள்ள ராத்தாவுக்கு,

முதலாளி லீவு தரவில்லை என்று வியாழக்கிழமை மெசேஜ் அனுப்பினேன். அது பொய். விடிந்ததும் மனம் கேட்காமல் நான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி போல பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்து வந்தேன். பிள்ளைகள் ஓதுகிற சத்தம் கேட்டது. குறைந்த சத்தம்தான், எத்தனை பேர் வராமல் விட்டிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. கேற்றின் கொளுக்கியில் கையை வைத்தேன். நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். அந்த மூச்சை எடுத்தீர்கள். பிறகு "ஆரது?" என்று கேட்டீர்கள்.

கொளுக்கியில் இருந்து கையை எடுத்துவிட்டேன். உங்கள் அந்த மூச்சைத் திரையில் நூறு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவன் நான். மாமியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? திரும்பி நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். சிலாபம் தாண்டும்வரை முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி வருகிறதா தம்பி என்று கேட்டு ஒரு பை தந்தார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் மாப்புக் கேட்டால் அது கூடாது. ஜூலையில் உங்கள் வொய்ஸ் வந்தபோது கடையில்தான் இருந்தேன். நாலு நிமிடமும் பன்னிரண்டு விநாடியும். முழுதும் கேட்டேன். கேட்டு முடிந்ததும் உங்களுக்குக் கோல் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டேன். பிறகு அதைக் கணினியில் ஒரு கோப்புறைக்குள் போட்டு வைத்தேன். அதற்கு "நல்லவை" என்று பெயர். பிறகுதான் அழுதேன். அழுதது உண்மை. ஆனால் பிறகுதான்.

அளவுக்காகப் போட்டேன் என்று எழுதியதும் பாதிப் பொய். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மாமியிடம் சொன்னீர்களா? என்ன சொன்னார்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ஸியாத்


தில்லையடி.
16.03.2017

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கேற்றடியில் நின்றது நீ என்று எனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் இருந்தே வலது காலை இழுத்துத்தான் நடப்பாய், செருப்புத் தேய்கிற சத்தம் ஒழுங்கை முனையிலேயே கேட்டுவிட்டது. தெரிந்துகொண்டுதான் "ஆரது" என்று கேட்டேன். எழும்பி வந்து கொளுக்கியைத் தூக்கியிருக்கலாம், பத்து அடிதான். அவனாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். நீ திரும்பிப் போகிற சத்தமும் கேட்டது. அப்போதுதான் என்னை நினைத்து எனக்கே வெட்கம் வந்தது. அன்றைக்குப் பிளேன்டீயும் கையுமாக இருந்தவளும் இவள்தானே.

ஜும்மா முடிய மாமியிடம் தனியாகவே சொன்னேன். மாமி கேட்டு முடித்தார். எழும்பி உள்ளே போய்விட்டார். ஆறு நாள் நான் சமைத்ததைத் தொடவில்லை. நோவோடு நின்று தானே கஞ்சி வைத்துக் குடித்தார். நான் என் உடுப்புகளை ஒரு பையில் மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எந்த நேரமும் போ என்பார் என்று காத்திருந்தேன்.

ஏழாம் நாள் காலையில் வந்து கதிரையில் இருந்தார். "எப்புடி மகள் கூப்பிட்டான்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "அவன் கூப்பிட்ட மாதிரியே ஒருக்காச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "அஸ்ரியா, ஒருக்கா இஞ்ச வா புள்ள." மெதுவாகத்தான் கூப்பிட்டார், தம்பி. துவாய் கேட்கிறது போல. சவர்க்காரம் கேட்கிறது போல. அதனால்தான் நான் போகவில்லை.

திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். அதற்குப் பிறகுதான் மாமி அழுதார். "கத்தினவன் எண்டெல்லோ நினைச்சிக்கிட்டு இருந்தன்" என்றார்.

மாமி படத்தை முன்பே பார்த்திருக்கிறார். நான் உனக்கு முதல் கடிதம் எழுதிய அடுத்த நாளே ரம்ஸியா வந்து காட்டியிருக்கிறாள். இவளாகச் சொல்லட்டும் என்று மூன்று கிழமை என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மூன்று கிழமையும் அவருடைய காதில் உன் படத்தின் கத்தல்தான். கிணற்றுக்குள் இருந்து தொண்டை கிழியக் கத்துகிறானே, அது. என் பிள்ளை அப்படிக் கத்தியா மௌத்தானான், அதைக் கேட்டுமா இவள் போகவில்லை என்று நினைத்து நினைத்து உருகியிருக்கிறார்.

ரம்ஸியாவிடம் வாங்கி நானும் இன்னொரு முறை பார்த்தேன். அந்தக் கத்தல் உன்னுடையதுதானே? தடிப்பாக்கினாலும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட சத்தம் அது.

பையில் இருந்த உடுப்புகளை மாமியே எடுத்து அலுமாரியில் வைத்தார். நேற்று நான் வைத்த ஆணத்தில் உப்புக் கூட என்று குறை சொன்னார். நாலு பிள்ளைகள் திரும்ப ஓத வந்திருக்கிறார்கள். ரம்ஸியாவின் மகள் முன் வரிசையில் இருக்கிறாள், இப்போது அவளுக்கு என்னில் பயமில்லை.

மாமி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்கிறார். அந்தக் கத்தல் அவனுடையது இல்லை, நான்தான் கத்தினேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டுமாம். கடிதத்தில் எழுதினால் சரிவராதாம். எழுத்துக்குச் சத்தம் இல்லையே என்கிறார்.

குரல் அனுப்பமாட்டேன் என்று நான்தான் எழுதினேன். அதை நானே விடுகிறேன். இதற்குப் பதில் எழுதாதே. இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் என்னைக் கூப்பிட்ட அந்த நேரத்துக்கு, ஏழு மணிக்குக் கோல் எடு. மாமி என் பக்கத்தில் இருப்பார். போன் என் மடியில் இருக்கும். பிளேன்டீ ஊற்றியிருந்தாலும் கிடக்கட்டும். நீ கூப்பிட்ட முதல் சத்தத்துக்கே எடுப்பேன்.

உன் ராத்தா,
அஸ்ரியா