கரும்பொருளும் என் தம்பியும்

மார்ச் 4

சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்ட செய்தியை நிருபர் எழுதக்கூடாது என்பது எங்கள் பத்திரிகையின் விதி. நாளைய வானியல் விவாதத்தில் ஒரு பக்கம் பேராசிரியரான என் கணவர், மறுபக்கம் அதே துறையில் இருக்கும் என் தம்பி. இங்கே அறிவியல் நிருபர் நான் ஒருத்திதான். எனவே விளையாட்டு நிருபரை அனுப்புகிறார் ஆசிரியர்.

அவரை உட்காரவைத்துச் சொன்னேன். விண்மீன் மண்டலங்களின் ஓரத்து நட்சத்திரங்கள் இருக்கவேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது என் கணவர் கட்சி. கரும்பொருளும் கிடையாது ஒன்றும் கிடையாது, அங்கே ஈர்ப்பு விதியே வேறு என்பது தம்பி கட்சி. பிரபஞ்சம் விரிகிற வேகத்திலும் இதே தகராறு.

தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சொந்த மைதானம் யாருக்கு?" என்றார்.

மார்ச் 5

அரங்கம் நிறைந்துவிட்டது. நான் கடைசி வரிசையில், யாருக்கும் கைதட்டாமல்.

தம்பி சொன்னான்: "கணக்கு இடிச்சா எங்க அத்தான் கண்ணுக்குத் தெரியாத சாட்சியைக் கூப்பிடுவார்."

இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "கணக்கு இடிச்சா என் மச்சான் சட்டத்தையே மாத்திடுவார்."

சபை சிரித்தது. இருவரும் சிரித்தார்கள். ஒரே காரில் வீடு திரும்பினோம். தம்பி எங்கள் மாடியில்தான் இருக்கிறான். இத்தனை வருஷமும் இப்படித்தான்.

மார்ச் 6

செய்தி வந்துவிட்டது. முதல் பாதியில் கரும்பொருள் ஆதிக்கமாம். பிற்பாதியில் புதிய ஈர்ப்பு விதியின் எதிர்த்தாக்குதலாம். இறுதி நிலவரம்: மூன்றுக்கு இரண்டு, தம்பி வெற்றி.

இவர் இரண்டு முறை படித்தார். "அந்த மூணாவது புள்ளி எதுக்குன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

மார்ச் 7

கேட்டேன். பிரபஞ்ச விரிவு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லுமுன் இவர் தண்ணீர் குடித்தாராம். "தடுமாற்றம் மேடம், கண்கூடாத் தெரிஞ்சுது."

அதை இவரிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

மார்ச் 9

தம்பி அந்தச் செய்தியை வெட்டிப் பல்கலைக்கழகத்தில் தன் அறைக்கதவில் ஒட்டியிருக்கிறானாம். விளையாட்டுக்குத்தான். இவர் அறை எதிரே.

மார்ச் 12

பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான். "உன் தம்பிகிட்ட சொல்லு", "அத்தான்கிட்ட சொல்லுக்கா." ஒரு முழம் தூரத்துக்கு நடுவில் நான் எதற்கு?

மார்ச் 14

தம்பி தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

மார்ச் 17

தூரதேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்று அவனுக்கு வேலை தருகிறது. ஈர்ப்பு விதியைத் திருத்துபவர்கள் மட்டுமே நிறைந்த துறை. ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்லவேண்டும்.

"இங்க யாருக்கு நான் வேணும்?" என்றான். எனக்கு வேணும்டா என்று சொல்ல வாய் வரவில்லை. போய்ப் பார் என்றேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்? எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்.

இவரிடம் சொன்னேன். கையிலிருந்த கட்டுரையின் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "நல்ல இடம்தான்" என்றார்.

மார்ச் 20

தம்பி கிளம்பிப் போனான். இவர் வாசல்வரை வரவில்லை. ஜன்னலில் நின்றிருந்தார்.

மார்ச் 23

இன்று இவர் என்னிடம் கரும்பொருளை விளக்க ஆரம்பித்தார். சரி, சரி என்று கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டார். "நீ எல்லாத்துக்கும் சரிங்கற." கோபமாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 28

தம்பி வந்துவிட்டான். முகம் சரியில்லை. நல்ல அறை கொடுத்தார்களாம், பெரிய கணினி கொடுத்தார்களாம். கருத்தரங்கில் தன் கட்டுரையைப் படித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

"அப்புறம் என்னடா?"

"ஒருத்தர்கூட கேள்வி கேக்கலக்கா. மூணாவது படத்துல ஒரு தப்பு இருக்கு, மேடையிலதான் எனக்கே தெரிஞ்சுது. அதையும் பிரமாதம்னாங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "வரலன்னு சொல்லிட்டேன்" என்றான்.

இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், கேட்டிருக்கவேண்டும். வெளியே வரவில்லை. தம்பி மாடிக்குப் போனான்.

சற்று நேரத்தில் இவர் தம்பியின் கட்டுரையும் பென்சிலுமாக வந்தார். "மூணாவது படம் மட்டும் இல்ல, அஞ்சாவதும் தப்புதான்" என்று என்னிடம் சொன்னார். அவன்கிட்டயே சொல்லுங்க என்றேன். படியேறினார்.

இதை எழுதும்போது மேலே நாற்காலி இழுபடுகிறது. இரண்டு குரலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. சாப்பாடு ஆறுகிறது. கூப்பிடப்போவதில்லை.